கொல்ல வந்தவன் வயிற்றிலேயே குடித்தனம்! டி.பி. கிருமியின் தில்லாலங்கடி வேலை

சோளிங்கர்: "இருமல் நின்னு போச்சு, இனி எதுக்கு மாத்திரை?" காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களில் பலர் இரண்டே மாதத்தில் இப்படி நிறுத்தி விடுகிறார்கள். சோளிங்கரில் இருந்து ராணிப்பேட்டைக்கு ஷூ கம்பெனி வேலைக்கு ஓடுகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவரை குறை சொல்லி பயனில்லை. ஆனால் கிருமிக்கு வேண்டியதும் அதுதான்.

உடம்புக்குள் நுழையும் கிருமியை வெள்ளை அணுக்கள் ஓடி வந்து விழுங்கும். விழுங்கியதை சின்ன பைக்குள் அடைத்து, அமிலத்தால் கரைத்து விடும். பெரும்பாலான கிருமிகளுக்கு அத்தோடு கதை முடிஞ்சுது.

டி.பி. கிருமி லேசுப்பட்டது அல்ல. அந்த பைக்குள் அமிலம் வராதபடி வழியை மறித்து விடுகிறது. மேலே மெழுகு மாதிரி கொழுப்பு போர்வை வேறு. கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது!

உடம்பும் விடாது. மற்ற அணுக்கள் சூழ்ந்து நின்று சுவர் கட்டும். உள்ளே கிருமி ஆண்டுக்கணக்கில் தூங்கும். சர்க்கரை நோய், பீடி, அரை வயிற்று சாப்பாடு என்று உடம்பு தளர்ந்தால் சுவர் உடைந்து வெளியே வரும்.

மாத்திரை முதலில் கொல்வது வேகமாக பெருகும் கிருமிகளைத்தான். அதனால் இருமல் நிற்கிறது. ஒளிந்து தூங்குவது சாக 6 மாதம் ஆகும். தவிர, கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு ஏதாவது ஒரு மருந்துக்கு அசையாததாக இருக்கும். 4 மருந்து சேர்த்து கொடுப்பது அதற்காகத்தான். விட்டு விட்டு சாப்பிட்டால் சாதுவான கிருமி செத்து, முரட்டு கிருமி பெருகும். ஐசோனியாசிட், ரிபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துக்கும் சாகாத நிலைக்கு எம்.டி.ஆர். டி.பி. என்று பெயர். அவர் இருமினால், மாத்திரையே தொடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே முரட்டு கிருமி தொற்றும்.

டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்ற காலம் இருந்தது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டு குணமாகலாம் என்று உலகத்துக்கு காட்டியதே நம்ம சென்னைதான். 1956-ல் அங்கு தொடங்கிய ஆய்வு அது.

ரிபாம்பிசினுக்கு அசையாத கிருமியா என்று சிபிநாட் கருவி சளியை வைத்து 2 மணி நேரத்தில் சொல்லிடும். எம்.டி.ஆர். என்றால் முன்பு 18 மாதத்துக்கு மேல்கூட சிகிச்சை நீளும். பெடாகுயிலின் உள்பட 4 மருந்து கொண்ட 6 மாத சிகிச்சைக்கு 2024-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை, மருந்து எல்லாமே இலவசம். சிகிச்சையில் இருப்பவரின் சாப்பாட்டு செலவுக்கு மாதம் ரூ.500 என்று இருந்த உதவித்தொகை, 2024 நவம்பரில் ரூ.1000 ஆனது. பணம் நேராக வங்கி கணக்குக்கு வந்துடும்.