சொல்லக் கூசும் சுகவீனம்



ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட மூத்த தாய்மார்களிடம் காரணம் கேட்டால் மூட்டுவலி என்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஜெபித்து முடித்த பிறகுதான் மெதுவாக உண்மை வரும்: "ஐயா, ஒண்ணுக்கு அடக்க முடியல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாடை வருமோன்னு பயமாயிருக்கு." பெற்ற மகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டியதில்லை. சரியான சிகிச்சையால் பலருக்கு இது நன்றாகக் குறைகிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கசிவது ஒரு வகை. பிரசவங்களால் இடுப்பின் அடித்தசை தளர்ந்த பெண்களுக்கு இது வரும். கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன் அவசரமாய் வந்துவிடுவது இன்னொன்று. ஆண்களில் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பிச் சொட்டுவதும் உண்டு. அவசரத்துக்குத் தரும் மாத்திரையை இவர்கள் விழுங்கினால் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளலாம். அடுத்த வீட்டாரின் மாத்திரை வேண்டாம்.

எது எந்த வகை என்று அறிய, எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், எப்போது கசிந்தது என்று 3 நாள் குறித்துவரச் சொல்வார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். சிறுநீரில் கிருமியும் சர்க்கரையும் பார்ப்பார்கள். போய்வந்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேன் காட்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையும் தொல்லையைக் கூட்டலாம். மருந்துச் சீட்டைக் கொண்டுவர மறவாதீர்கள்.

கசிவுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். 1948இல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் இதை விளக்கி எழுதினார். வாயுவை அடக்கும் தசையை இறுக்கி, 5 வரை எண்ணித் தளர்த்த வேண்டும். 10 தடவை, தினம் 3 வேளை. பலன் தெரிய 3 மாதம் ஆகலாம், இடையில் விட்டுவிடுகிறவர்களே அதிகம். அவசரமுள்ளவர்கள் போகும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போடப் பழகுவார்கள். காப்பி, டீ குறைக்க வேண்டும். நம் ஜனங்கள் முதலில் குறைப்பதோ தண்ணீரை! சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும்.

சிறுநீரில் இரத்தம் கண்டாலும், கால் மரத்துத் திடீரென்று கட்டுப்பாடு போனாலும் அன்றே டாக்டரிடம் வர வேண்டும்.

உங்கள் காணிக்கைகள் ஏழைகளின் பரிசோதனைச் செலவைத் தாங்குகின்றன. இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டு மணி நேரம் ஆராதனை நடக்கும் உங்கள் ஆலயத்தில் முதியோர் நடந்து போகும் தூரத்தில் கழிப்பறை உண்டா? அடுத்த சபைக் கமிட்டியில் விசாரியுங்கள். அதுவரை வாசலோரம் அவர்களுக்கு இரண்டு நாற்காலியாவது போட்டுவையுங்கள்.