மாசக் கடைசியிலும் மும்பை ஜோர்தான்!

மும்பைக்கு டிரான்ஸ்ஃபர் என்றதும் நம்ம பையன்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே... ஏதோ அந்தமானுக்கு நாடு கடத்துகிற மாதிரி! "வாடகைக்கே பாதி சம்பளம் போயிடும் சார். மிச்சத்துல என்னத்தைச் சாப்பிட்டு, என்னத்தை அனுபவிக்கிறது?" என்று புலம்பல். அப்புறம் அங்கே போய் நாலு பேராக ஒரு ரூம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க லுங்கியும் செல்போனுமாகப் படுத்துக் கிடப்பார்கள். ரெண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்து, "மும்பையா? சே, ஒரே கூட்டம்!" என்று தீர்ப்பு வேறு.

வாடகை பற்றி அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். ஆனால் வாடகை போக பர்ஸில் மிஞ்சுகிற தொகையை வைத்துக்கொண்டு ஸ்டைலாக வாழ, அதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. பி.காம். படித்தவன் சொல்கிறேன், கணக்கு தப்பாது. ஒரே கண்டிஷன்... எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்கிற சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் இரானி

மெட்ரோ சினிமா பக்கம், தோபி தலாவில் 'கயானி அண்ட் கோ' என்று ஒரு இரானி கடை. 1904-ல் ஆரம்பித்தது. மார்பிள் பதித்த மேஜை, வளைந்த மர நாற்காலி, கண்ணாடி பீரோவில் பிஸ்கெட். அந்தக் காலத்தில் இரானிலிருந்து பிழைக்க வந்த ஜொராஸ்ட்ரியர்கள் போட்ட கடைகள் இவை. ஒரு டீ, ஒரு பன் மஸ்கா சொல்லுங்கள். மஸ்கா என்றால் வெண்ணெய். பன்னைப் பிய்த்து டீயில் முக்கிச் சாப்பிடணும். யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அங்கே முறையே! பல்லில் நம்பிக்கை உள்ளவர்கள் பிரூன் மஸ்கா கேட்கலாம். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

எதிர் நாற்காலி காலியாக இருந்தால் முன்பின் தெரியாத ஆசாமி வந்து உட்காருவார். அவர் வக்கீலாக இருக்கலாம், டாக்ஸி டிரைவராக இருக்கலாம். உங்கள் பேப்பரில் நடுப்பக்கத்தை உரிமையோடு உருவிக்கொள்வார். கோபிக்கக் கூடாது.

கிராண்ட் ரோடு ஸ்டேஷன் எதிரே 'பி. மெர்வான்' என்று இன்னொன்று. 1914-லிருந்து இருக்கிறது. மாவா கேக்குக்குப் பேர் போனது. காலையில் சீக்கிரம் போகணும். பல் தேய்த்து, குளித்து, நல்ல நேரம் பார்த்துப் போனால் காலித் தட்டைத்தான் தரிசிக்கலாம்.

ஒரு காலத்தில் ஊர் முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்த இரானி கடைகள் இன்றைக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டன. காரணம் சிம்பிள் அக்கவுன்ட்ஸ். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரும் கஸ்டமர் ஒரு பக்கம், கோடிகளில் விலை போகும் தெருமுனை இடம் இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்கும் கல்லாவில் உட்கார இஷ்டமில்லை. கயானிக்கு எதிரே இருந்த 'பாஸ்தானி' மூடியே பல வருஷமாச்சு. அந்தக் கடையின் அறிவிப்புப் பலகையை வைத்து ஆங்கிலக் கவிஞர் நிஸிம் எஸிகீல் ஒரு கவிதையே எழுதினார். கவிதை இருக்கிறது, கடை இல்லை. 'அடுத்த மாசம் போய்க்கலாம்' என்று இரானி கடையை ஒத்திப் போடாதீர்கள்.

மத்தியானம் மாட்டுங்கா

கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வேலை பார்க்கப் போன நம்மவர்கள் குடியேறிய பேட்டை மாட்டுங்கா. ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கினால் மல்லிகைப்பூ, வாழை இலை, ஃபில்டர் காபித்தூள் வாசனை... ஒரு நிமிஷம் மாம்பலமோ என்று சந்தேகம் வரும்.

'ராம் ஆஷ்ரயா' 1939, 'கஃபே மெட்ராஸ்' 1940, ராம நாயக்கின் 'உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்' 1942. தனிக்கட்டையாக வந்து, சமைக்கத் தெரியாமல் முழித்த இளைஞர்களுக்குச் சோறு போட்டு வளர்ந்த பேட்டை இது. அதாவது பிரதர், உங்களை மாதிரி ஆசாமிகளுக்காக!

ஞாயிறு காலை கஃபே மெட்ராஸ் வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம். பேரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பெரிய காரில் வந்தவரும் அதே வரிசையில்தான். உள்ளே போனால் ரசவடை, கேழ்வரகு தோசை என்று வெளுத்துக்கட்டலாம். ஆனால் காபியை வைத்துக்கொண்டு கதை அளப்பது இங்கே நடக்காது. உங்கள் நாற்காலியின் மேல் நாலு ஜோடிக் கண்கள் இருக்கும். உட்கார்ந்து பேச இரானி, சாப்பிட்டு எழுந்திருக்க மாட்டுங்கா. இதை மாற்றிச் செய்தால் ரெண்டு இடத்திலும் கெட்ட பேர்.

பேரம் பேச ஒரு வீதி

பம்பாய் ஜிம்கானா எதிரே ஃபேஷன் ஸ்ட்ரீட். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டை, டி-ஷர்ட், ஜீன்ஸ் எல்லாம் பிளாட்பாரத்தில் தொங்கும். கடைக்காரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் நெஞ்சில் கை வைத்து, உங்களால் தன் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி பார்ப்பார். அசராமல் நாலு அடி நடங்கள். "ஏ சாப், ஆவோ!" என்று குரல் வந்தால் ஜெயம். வராவிட்டால் அவர் சொன்னது நியாய விலை என்று அர்த்தம். கௌரவம் பார்க்காமல் திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளலாம். தையலையும் ஜிப்பையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். ரிட்டர்ன் கிடையாது.

மாலுக்குள்ளே ஒரு புகைபோக்கி

மால் பக்கமே போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம். பார்க்கக் காசில்லை, ஏ.சி.யும் ஓசி. லோயர் பரேலில் பீனிக்ஸ் பல்லேடியத்துக்குப் போனால் வெளிநாட்டு வாட்ச், கைப்பை வகையறாவைப் பார்த்த கையோடு, அந்த வளாகத்தில் நிற்கிற பழைய ஆலைப் புகைபோக்கியையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

அந்த இடம் முன்பு பீனிக்ஸ் மில். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வருஷம் தாண்டியும் இழுத்தது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. நாளடைவில் மில் நிலங்கள் பலவற்றில் மால், ஆபீஸ், அடுக்குமாடி என்று முளைத்தன. நாம் கேப்பச்சினோ குடிக்கிற இடத்தில் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து கை கழுவியிருப்பார். வேலை போனவர்களில் சிலர் பிழைப்புக்கு வடா பாவ் வண்டி போட்டார்கள். வடா பாவே 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கி வைத்த அயிட்டம் என்று சொல்வார்கள்.

அதனால் மாலில் ஏறி இறங்கிப் பசித்தால், வெளியே வந்து வண்டியில் ஒரு வடா பாவ் சாப்பிடுங்கள். பூண்டுச் சட்னி தூக்கலாக! வயிறும் நிறையும், பட்ஜெட்டும் தாங்கும். இந்த ஊர் யார் உழைப்பில் நிற்கிறது என்பதும் ஞாபகத்தில் இருக்கும்.

சாயங்காலம் ஓசி சோபா

ஆறு மணிக்கு சர்ச்கேட்டில் இறங்குங்கள். அந்த நேரத்தில் மொத்த ஊரும் வீட்டுக்குத் திரும்ப ரயிலேறும். நீங்கள் எதிர்த் திசை என்பதால் உட்கார ஸீட் கிடைக்கும் (மும்பையில் இதைவிட ஆடம்பரம் ஏது?). வெளியே ஈராஸ் தியேட்டர், ஓவல் மைதானம். 1930-களின் ஆர்ட் டெகோ ஸ்டைல் கட்டடங்கள் ஒரு புறம், கோதிக் கோபுரங்கள் மறுபுறம். 2018-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிக்கெட் கிடையாது, நின்று பார்க்க வேண்டியதுதான்.

அப்படியே நடந்தால் மரைன் டிரைவ். மூணரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலோரச் சுவர். காதலர்கள், கொலு மாதிரி வரிசையாக உட்கார்ந்த குஜராத்திக் குடும்பங்கள், டையைத் தளர்த்திக்கொண்டு வந்த பாங்க் ஆபீசர், வேலை தேடி நேற்று வந்திறங்கிய பையன்... எல்லாருக்கும் ஒரே சுவர், ஒரே சூரியன்.

பின்னால் இருக்கிற ஃபிளாட்டில் இதே காட்சியைப் பார்க்கக் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். தேதி இருபத்தெட்டு ஆனால் என்ன? நகர்ந்து இடம் கொடுக்கச் சொல்லி உட்காருங்கள் சார்!