வெற்றிடக் கசிவு (கார் எஞ்சின்)

வெற்றிடக் கசிவு அல்லது வேக்கம் லீக் என்பது, பெட்ரோல் எஞ்சினில் துரோட்டில் வால்வுக்கும் சிலிண்டர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள விரிசல் அல்லது இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே புகும் பழுது ஆகும். கசிவு என்ற பெயர் இருந்தாலும் இதில் எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. பட்டறைகளில் 'ஏர் இழுக்குது' என்பார்கள். அதுவே பொருத்தமான பெயர்.

ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது துரோட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். இதனால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. பள்ளியில் பார்த்த பாதரசக் காற்றழுத்தமானியை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். வெளியே வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது மேனிஃபோல்டில் அதைவிட 45 முதல் 55 செ.மீ. வரை குறைவாக இருக்கும். ஆகவே சிறு துளைகூடக் காற்றை வேகமாக இழுக்கும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று போதும். கணக்கில் வராத காற்று சேரும்போது கலவை மெலிந்து, சரியாக எரியாமல் போகிறது.

அறிகுறிகள்

ஐட்லிங் ஏறி இறங்குவது, வண்டி குலுங்குவது, நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோவது, பானெட்டுக்குள் 'உஸ்' என்ற சத்தம், செக் எஞ்சின் விளக்கு எரிவது ஆகியவை பொதுவானவை. ஸ்கேனரில் பெரும்பாலும் பி0171 என்ற குறியீடு வரும். கலவை மெலிந்துள்ளது என்பது அதன் பொருள். காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் கார்களில், கலவை மெலிவதற்குப் பதிலாக ஐட்லிங் வேகம் கூடிப்போவதே முதலில் தெரியும்.

இவற்றில் பல, பழைய ஸ்பார்க் பிளக்கினாலும் வரும். அதனால்தான் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை விரயமாக்குகிறார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் சீராக ஓடிவந்த கார், ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றதும் குலுங்கி, லேசாக ரேஸ் கொடுத்தால் சரியாகிவிட்டால் வெற்றிடக் கசிவைச் சந்தேகிக்கலாம். துரோட்டில் திறந்ததும் உறிஞ்சும் விசை குறைகிறது. நிறையக் காற்று முறையான வழியில் வருவதால் கசிவின் பங்கும் சிறிதாகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப், ஃபில்டர் கோளாறு என்றால் நேர்மாறாக, வேகம் கூடக்கூடத் தொல்லையும் கூடும்.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசிடர் போன்றவற்றில் ஐட்லிங் திருகைத் திருகி இந்தக் குறையை மறைத்துவிடுவார்கள். ஓட்டை அப்படியே இருக்கும்.

பிரேக்

அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறி இதுதான். பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்கு உதவும் பூஸ்டர், மேனிஃபோல்டின் வெற்றிடத்தால்தான் இயங்குகிறது. அதன் குழாயோ உள்ளிருக்கும் ரப்பர் சவ்வோ கிழிந்தால் பெடல் கல்லைப்போல் இறுகிவிடும். பிரேக் முற்றிலும் போய்விடாது. ஆனால் பலமாக மிதிக்க வேண்டும், நிற்கும் தூரமும் கூடும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை 4, 5 முறை மிதியுங்கள், அது இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பது நல்லது.

டீசல் கார்களில் பெரும்பாலும் தனி வேக்கம் பம்ப் இருக்கும். அங்கே இக்கசிவு ஏற்பட்டால் ஐட்லிங் கெடாமலேயே பிரேக் மட்டும் இறுகலாம்.

கண்டறிதல்

எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்கள், மேனிஃபோல்டு கேஸ்கெட், பிசிவி வால்வின் குழாய் ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். எலி கடித்த குழாய்களும் கிராமப்புறத்தில் அபூர்வமல்ல. ஆயில் மூடி சரியாகப் பொருந்தாததும் சில கார்களில் இதே தொல்லையைத் தரும். செலவில்லாத சோதனை என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

சந்தேகமுள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளிக்கும்போது ஐட்லிங் ஒரு கணம் மாறினால் ஓட்டை அங்கேதான். மின் இணைப்புகளின் மேல் தண்ணீர் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கக்கூடியது என்பதால் வீட்டில் செய்ய வேண்டாம். பெரிய பட்டறைகளில் எஞ்சினை அணைத்துவிட்டு, காற்றுப் பாதையில் புகையைச் செலுத்தி அது வெளிவரும் இடத்தைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அதில் அகப்பட்டுவிடும்.