பட்டறைப் படலம் – 11: முறிந்த ராப்

காலபோக விதைப்பு நெருங்கினால் நெளுக்குளத்தில் மன்னார் வீதியோரக் கராஜ்களில் லான்ட்மாஸ்ரர்கள் வரிசை கட்டும். பெரும்பாலும் கோளாறு சின்னது. புகைக்குழாயைப் பிடிக்கிற ஸ்ரட் சூட்டிலும் துருவிலும் இற்றுப்போய், ஸ்பனர் வைத்ததும் நட்டோடு முறிந்துவிடும். மிச்சம் வார்ப்பிரும்புக்குள் நிற்கும். 1990களின் பொருளாதாரத் தடையில் வவுனியாவுக்கு வடக்கே உதிரிப்பாகம் போவதே பெரும்பாடு. பழுதென்று எதையும் எறிய முடியாது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

காஸ் சுவாலையை ஸ்ரட்டில் அல்ல, சுற்றியுள்ள வார்ப்பில் பிடிக்க வேண்டும். துளை விரியத் துருவின் பிடி தளரும். சூட்டோடு மெழுகுதிரியை விளிம்பில் தொட்டால் மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். மட்டமாக முறிந்திருந்தால் மேலே ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளால் வெல்டிங் அடிப்பார்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, ஸ்பனரை முன்னும் பின்னும் கொஞ்சங்கொஞ்சமாக அசைத்தால் கிறீச்சிட்டபடி கழன்று வரும்.

முறிந்த போல்ட்டின் நடுவில் துளைத்துச் செருகித் திருப்புகிற, கடையில் விற்கிற ஈசி அவுட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. முழுத் தடிப்போடு திருப்பியே அசையாத போல்ட், நடுவில் செருகிய மெல்லிய கம்பிக்கா அசையும்? அது உள்ளே இறுக இறுகப் போல்ட்டைப் புடைக்கவும் செய்யும். அது முறிந்தால் போல்ட்டை விடக் கடினமான ஒன்று துளைக்குள் மாட்டிக்கொள்ளும். இடது சுற்று டிறில் நல்லது. துளைத்துக்கொண்டிருக்கும்போதே போல்ட் பல தடவை தானாகக் கழன்று வரும்.

புரி வெட்டும் ராப் முறிந்தால் கதை வேறு. ராப்பும் டிறிலும் ஒரே ஹைஸ்பீட் ஸ்டீல். ஒன்று மற்றதை வெட்டாது. 1.5 மில்லிமீற்றர் புரியுள்ள 10 மில்லிமீற்றர் ராப்புக்கு 8.5 மில்லிமீற்றர் துளை வேண்டும். கையிலிருந்த 8 டிறிலால் துளைத்துவிட்டு ராப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முறிந்தபின் அதன் பள்ளங்களுக்குள் விரல் விரலாக இறங்கும் எக்ஸ்ராக்டர் உதவலாம். இல்லையேல் பஞ்ச் கொண்டு தட்டி நொறுக்கித் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியதுதான்.

இந்தத் தொல்லையிலிருந்து ஒரு தொழில்நுட்பமே பிறந்தது. 1940களில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர், முறிந்த ராப்பை மின்பொறியால் அரித்தெடுக்கும் கருவியை உருவாக்கினார்கள். அதே காலத்தில் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியரும் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் வழியைக் கண்டிருந்தார்கள். எவ்வளவு கடினமான உருக்கானாலும் மின்சாரம் பாய்ந்தால் போதும், பொறி அரித்துவிடும். இன்று அச்சு செய்யும் தொழிற்சாலைகள் பல அந்த முறையில்தான் இயங்குகின்றன.

அலுமினியத் தண்ணீர்ப் பம்பில் ராப் முறிந்தால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. படிகாரத்தை வெந்நீரில் நிறையக் கரைத்து, உருக்குப் பாகங்களைக் கழற்றிய பம்புக் கூட்டை மண்சட்டியில் இறக்கி, கொதி குறையாமல் வைத்திருங்கள். ராப் கறுத்துச் சேறாகக் கரையும். அலுமினியம் பெரிதாகக் கெடாது. கடிகாரம் திருத்துகிறவர்கள் பித்தளைத் தட்டில் முறிந்த திருகாணியை எடுப்பதும் இப்படித்தான். மணிக்கணக்காகும், தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். வார்ப்பிரும்புக்கு மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், ராப்போடு கூடும் அரிபடும்.

அடுத்த வாரம்: புரி தேய்ந்த துளைக்குக் கம்பிச் சுருள் போடுவது.