சோப்பு கறுத்தால் தகடு இளகும்

1964-இல் வெளியான 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் மேனி மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே தாங்கி நிற்பது எஃகுக் குழாய்க் கூடு. இத்தாலியின் மிலான் நகரில் டூரிங் நிறுவனம் உருவாக்கிய 'சூப்பர்லெஜரா' முறை இது.

எடையைக் குறைத்த இந்தக் கூட்டணியே காருக்கு எமனாகவும் ஆனது. இங்கிலாந்தில் பனி உருகுவதற்காகக் குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். உப்புநீர் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே புகுந்தால், அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். எலக்ட்ரானைச் சுலபமாக இழக்கும் அலுமினியம்தான் அதில் கரையும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்; சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிரும். பட்டி வைத்துப் பூசி மறைக்கிற சங்கதி அல்ல அது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதிதாகத் தட்டித்தான் ஆகவேண்டும்.

தட்டையான தகட்டை எல்லாப் பக்கமும் வளைந்த மட்கார்டாக்குவது எப்படி? தேங்காயைத் தாளில் பொதிந்தால் தாள் சுருங்கி மடிகிறதே, தகட்டுக்கும் அதே சிக்கல்தான். நடுப்பகுதி நீளவேண்டும், அல்லது ஓரம் சுருங்கவேண்டும். 'இங்கிலீஷ் வீல்' என்னும் கருவியில் இரண்டு உருளைகளுக்கிடையே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். அழுந்திய இடம் சற்று மெலிந்து விரிய, தகடு மெல்லக் குவிகிறது.

ஆனால், அடி வாங்க வாங்க அலுமினியம் முரண்டு பிடிக்கும். உலோகம் வளைவதே, அதன் படிக அடுக்குகளில் உள்ள நுண்ணிய பிசகுகள் நகர்வதால்தான். தட்டத் தட்டப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி நகரமுடியாமல் போகின்றன. தகடு விறைக்கிறது, மேலும் தட்டினால் விரிசல் விடும். சூடாக்கினால் சிக்கல் அவிழ்ந்து புதிய படிகங்கள் முளைக்கும், தகடும் இளகும்.

எவ்வளவு சூடு என்பதில்தான் வித்தை. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதுவரை பட்டறை வெளிச்சத்தில் நிறம் மாறியதாகவே தெரியாது. அதனால் தகட்டில் துணி சோப்பைத் தேய்த்து, மறுபுறம் சுடரைக் காட்டுவார்கள். சோப்பிலுள்ள கொழுப்பு கருகிக் கறுத்ததும் சுடரை விலக்கிவிட வேண்டும். உருகுநிலைக்கு வெகு கீழேயே இளகும் பதம் வந்திருக்கும்.

அன்றைய இந்த வகைக் கார்கள் கையால் தட்டியவை. ஒரு காரின் தகடு இன்னொன்றில் அப்படியே பொருந்தாது. ஆகவே புதுத் தகட்டை அந்தந்தக் காரின் மேலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். வளைவில் பழைய காரைப் பிசகாமல் பின்பற்றும் பட்டறை, ஓரிடத்தில் மட்டும் அதை மீறுகிறது: குழாயும் தகடும் சந்திக்கும் இடத்தில் மின்கடத்தாப் பூச்சோ பட்டையோ வைத்தே மூடுகிறது. நேரடித் தொடர்பு அறுந்துவிட்டால், உப்புநீர் புகுந்தாலும் பேட்டரி வேலை செய்யாது.