சென்னையில் புதிய தானுந்து விலைப் பேரம்

சென்னையில் புதிய தானுந்து விலைப் பேரம் என்பது, கார் எனப் பரவலாக அழைக்கப்படும் தானுந்தை உற்பத்தி நிறுவனத்தின் முகவரிடமிருந்து புதிதாக வாங்கும்போது, அதன் இறுதி விலை குறித்து வாங்குபவருக்கும் முகவருக்கும் இடையே நடைபெறும் பேச்சைக் குறிக்கும். தியாகராய நகர் பாண்டி பசாரின் நடைபாதைக் கடைகளில் சொன்ன விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பது வழக்கமாக இருந்தாலும், தானுந்துக் காட்சியறையில் அம்முறை செல்லுபடியாவதில்லை. இங்கு அறிவிக்கப்பட்ட விலை பெரும்பாலும் அசையாமல் நிற்கும். பேரம் அவ்விலையுடன் சேர்க்கப்படும் காப்பீடு, துணைப்பொருட்கள், கையாளுகைக் கட்டணம், பழைய வண்டியின் மதிப்பு, கடன் வட்டி ஆகியவற்றைச் சுற்றியே நடைபெறுகின்றது. இதனை அறியாதவர்கள் இருபதாயிரம் ரூபாய் தள்ளுபடி பெற்ற மகிழ்ச்சியில், வேறு தலைப்புகளின் கீழ் அதனினும் கூடுதலான தொகையைச் செலுத்திவிடுவது உண்டு.

வரலாற்றுப் பின்னணி

சென்னையில் தானுந்து விற்பனை நெடுங்காலம் மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலையை ஒட்டியே வளர்ந்தது. பின்னர் அடையாறு, கிண்டி, பழைய மாமல்லபுரம் சாலை எனக் காட்சியறைகள் தெற்கு நோக்கிப் பரவின.

விடுதலைக்குப் பிந்திய முதல் சில பத்தாண்டுகளில் இந்தியச் சந்தையில் அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், வண்டலூரில் தொழிற்சாலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று நிறுவனங்களின் வண்டிகளே பெரும்பாலும் கிடைத்தன. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒதுக்கீடு கிடைத்தவர் அதனைக் கூடுதல் தொகைக்குக் கைமாற்றுவதும் நடந்தது. வாங்குபவர் பேரம் பேசும் நிலை அக்காலத்தில் இல்லை. பேரம் நடந்திருந்தால் அது விலையைக் கூட்டுவதற்காகவே நடந்தது எனலாம்.

1983 திசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரும் சில ஆண்டுகள் காத்திருப்புப் பட்டியல் தொடர்ந்தது. உண்மையான மாற்றம் 1990களின் இறுதியில் ஏற்பட்டது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டும், திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் தொழிற்சாலைகளை அமைத்தன. 1998 இல் ஹூண்டாய் சான்ட்ரோ, டாட்டா இண்டிகா ஆகியன ஏறத்தாழ ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தன. ஒரே வகை வண்டிக்குப் பல நிறுவனங்களும், ஒரே நிறுவனத்துக்குச் சென்னையிலேயே பல முகவர்களும் ஏற்பட்ட பின்னரே வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலிமை வந்தது.

விலையின் அமைப்பு

முகவர் அளிக்கும் விலைப்பட்டியலில் இரு விலைகள் காணப்படும். முதலாவது எக்ஸ்-ஷோரூம் விலை எனப்படும் காட்சியறை விலை. இதில் உற்பத்தி நிறுவனத்தின் விலையும், முகவரின் பங்கும், 2017 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியும் அடங்கும். இரண்டாவது ஆன்-ரோடு விலை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தேவையான அனைத்தும் சேர்ந்த தொகை. பேரத்தின் களம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே.

அப்பகுதியிலும் சில இனங்களில் முகவரால் ஒன்றும் செய்ய இயலாது. தமிழ்நாட்டில் புதிய தானுந்துக்கு வாழ்நாள் வரி ஒரே தடவையில் செலுத்தப்படுகின்றது. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 5 இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு 12 விழுக்காடும், 5 முதல் 10 இலட்சம் வரை 13 விழுக்காடும், 10 முதல் 20 இலட்சம் வரை 18 விழுக்காடும், அதற்கு மேல் 20 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது. இவ்வரி படிப்படியாக அன்றி, முழு விலைக்கும் ஒரே வீதத்தில் கணக்கிடப்படுவதால் 10 இலட்சம் என்னும் எல்லை மிக முக்கியமானது. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். வண்டி விலையில் 20,000 ரூபாய் வேறுபாடு, வரியில் மட்டும் 53,100 ரூபாய் வேறுபாடாகின்றது. மேலும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 2016 சூன் முதல் 1 விழுக்காடு வருமான வரி முன்கூட்டியே பெறப்படுகின்றது. இது செலவன்று, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளக்கூடியது. விலைப்பட்டியலில் இதனைக் கண்டு முகவருடன் வாதிடுவோர் பலர், அதில் பயனில்லை. கூரைத் திறப்பு போன்ற ஓரிரு வசதிகளுக்காக உயர்ந்த வகையைத் தேர்ந்து 10 இலட்சத்தைச் சற்றே தாண்டுபவர், எந்தப் பேரத்தாலும் மீட்க முடியாத தொகையை அங்கேயே இழந்துவிடுகின்றார்.

பதிவுக் கட்டணமும் அரசால் வரையறுக்கப்பட்டதே. மைய அரசின் மோட்டார் வாகன விதிகளில் 2016 இறுதியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான தானுந்தின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கும்போது அதனைப் பதிவுச் சான்றில் குறிப்பதற்கு 1,500 ரூபாய். விலைப்பட்டியலில் "பதிவு" என்ற தலைப்பில் வாழ்நாள் வரிக்கு மேல் பல ஆயிரம் ரூபாய் காணப்பட்டால், அதன் பிரிவு விவரத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. மந்தைவெளி, திருவான்மியூர், கலைஞர் கருணாநிதி நகர் ஆகிய எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தாலும் கட்டணம் ஒன்றே.

பேரத்துக்கு உட்படும் இனங்கள்

இவற்றுள் பெரியது காப்பீடு. புதிய தானுந்துக்கு மூன்றாண்டுகளுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு, உச்ச நீதிமன்ற ஆணையின்படி 2018 செப்டெம்பர் 1 முதல் கட்டாயமானது. இதற்கான கட்டணத்தை அரசே அறிவிக்கின்றது. எடுத்துக்காட்டாக, 2022 சூன் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 1000 முதல் 1500 கன செ.மீ. வரையிலான இயந்திரம் கொண்ட வண்டிக்கு மூன்றாண்டுக் கட்டணம் 10,640 ரூபாய். ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடும், தேய்மானக் கழிவின்மை முதலான கூடுதல் பாதுகாப்புகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முகவர்கள் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல்களின் கீழ் காப்பீட்டை விற்று அதற்கான ஊதியத்தைப் பெறுகின்றனர். அவரிடமே காப்பீடு எடுக்க வேண்டுமெனக் கட்டாயம் இல்லை. வெளியே பெற்ற காப்பீட்டு விலையை எழுத்தில் காட்டும்போது முகவரும் தம் தொகையைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் நிகழ்கின்றது. ஒப்பிடும்போது இரு ஆவணங்களிலும் வண்டியின் காப்பீட்டு மதிப்பும் கூடுதல் பாதுகாப்புகளும் ஒன்றாக உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். மதிப்பைக் குறைத்துக் கட்டணத்தையும் குறைத்துக் காட்டுவது எளிது.

அடுத்தது கையாளுகைக் கட்டணம். தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொண்டுவரும் செலவு காட்சியறை விலையிலேயே அடங்கியுள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்பெயரில் கட்டணம் எதுவும் இல்லை. முழுப் பேரத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேட்ட அளவிலேயே மறையக்கூடிய இனம் இது ஒன்றே எனலாம்.

துணைப்பொருள் தொகுப்பு என்ற பெயரில் தரைவிரிப்பு, இருக்கை உறை, சேற்றுத் தடுப்பு, வண்டி மூடி போன்றவை ஒரே தொகையில் சேர்க்கப்படும். இதே வகைப் பொருட்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எனினும் மின்கம்பிகளை வெட்டி இணைக்கும் விளக்கு, ஒலிக்கருவி போன்றவற்றை வெளியே பொருத்தினால் உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். ஆகவே அவற்றை முகவரிடம் பொருத்துவதே பாதுகாப்பு.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது கணக்கு மேலும் மறைபொருளாகின்றது. மாற்று ஊக்கத்தொகை என 20,000 ரூபாயை அறிவித்து, பழைய வண்டியின் மதிப்பை அதே அளவு குறைப்பது பழகிய உத்தி. பழைய வண்டிக்கு வெளியில் என்ன கிடைக்கும் என்பதை முன்னரே அறிந்திராதவரால் இதனைக் கண்டுபிடிக்க இயலாது. கடனும் அவ்வாறே. முகவர் வழியாகப் பெறும் கடனில் அவருக்கு வங்கியிடமிருந்து தரகு கிடைப்பதுண்டு. தம் சம்பளக் கணக்குள்ள வங்கியின் வட்டி வீதத்தை முதலில் கேட்டறிந்து செல்பவருக்கு ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே வண்டிக்கு ஒரு முகவர் 30,000 ரூபாய் தள்ளுபடி அளித்து, காப்பீட்டுக்கு 52,000, துணைப்பொருட்களுக்கு 25,000, கையாளுகைக்கு 8,000 ரூபாய் கேட்கின்றார் எனக் கொள்க. மற்றொருவர் 15,000 ரூபாய் மட்டுமே தள்ளுபடி அளித்து, காப்பீட்டுக்கு 34,000 ரூபாய் கேட்டு வேறெதையும் சேர்க்கவில்லை. தள்ளுபடியை மட்டும் பார்ப்பவர் முதலாமவரிடம் செல்வார். அவர் 36,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவார். எனவே தள்ளுபடித் தொகையைக் கேட்பதைக் காட்டிலும், எல்லா இனங்களையும் தனித்தனியே எழுதிய விலைப்பட்டியலைக் குறைந்தது இரு முகவர்களிடம் பெற்று இறுதித் தொகையை ஒப்பிடுவதே பயன்தரும்.

தள்ளுபடிக் கட்டுப்பாடு

நகரின் எந்தக் காட்சியறைக்குச் சென்றாலும் ஒரே தள்ளுபடி சொல்லப்படுவதைப் பலர் கவனித்திருப்பர். இதற்கு விற்பனையாளரின் பிடிவாதம் மட்டும் காரணம் அன்று. முகவர்கள் தரக்கூடிய தள்ளுபடிக்கு உற்பத்தி நிறுவனங்கள் வரம்பு விதித்ததாக எழுந்த முறையீடுகளை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்துள்ளது.

2017 சூனில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்துக்கு ஆணையம் 87 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2018 செப்டெம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதனை நீக்கியது. 2021 ஆகத்தில் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தான் குறித்த அளவுக்கு மேல் தள்ளுபடியோ இலவசப் பொருட்களோ வழங்கக் கூடாதென அந்நிறுவனம் முகவர்களைக் கட்டுப்படுத்தியதாகவும், வாடிக்கையாளரைப் போல் நடிக்கும் ஆட்களை அனுப்பிச் சோதித்ததாகவும், மீறிய முகவருக்கும் அவருடைய விற்பனைப் பணியாளருக்கும் தண்டம் விதித்ததாகவும் ஆணையம் தன் முடிவில் கூறியது. நிறுவனம் இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

இவ்வழக்குகளின் முடிவு எதுவாயினும், பேரம் பேசுபவருக்கு இவை ஒன்றை உணர்த்துகின்றன. எதிரே அமர்ந்திருக்கும் விற்பனைப் பணியாளர் "இதற்கு மேல் என் கையில் இல்லை" என்று சொல்வது சில வேளைகளில் உண்மையாகவே இருக்கக்கூடும். அவரை நெருக்குவதால் பயன் குறைவு. அவருடைய மேலாளரிடம் கேட்பதும், அரசு ஊழியர், ஆசிரியர், குறிப்பிட்ட நிறுவனப் பணியாளர் ஆகியோருக்கென உற்பத்தி நிறுவனமே அளிக்கும் சலுகைகளுக்குத் தாம் தகுதியுடையவரா எனக் கேட்டறிவதும் கூடுதல் பயன் தரலாம்.

காலமும் நாளும்

இந்தியா முழுவதும் ஆண்டு முடிவில் தள்ளுபடிகள் கூடுதலாக இருக்கும். திசம்பரில் விற்காத வண்டி சனவரியில் "சென்ற ஆண்டு வண்டி" ஆகிவிடுவதே காரணம். தமிழ்நாட்டில் இதனுடன் மற்றொரு காரணமும் சேர்கின்றது. திசம்பர் நடுவில் தொடங்கும் மார்கழி மாதத்தில் புதிய வண்டி எடுப்பதைப் பலர் தவிர்க்கின்றனர். ஆகவே முகவருக்கு விற்றாக வேண்டிய நெருக்கடியும் வாங்குவோர் குறைவும் ஒரே நேரத்தில் அமைகின்றன. ஆடி மாதமும் இவ்வாறே. தியாகராய நகர்த் துணிக்கடைகளின் ஆடித் தள்ளுபடியைத் தோற்றுவித்த அதே வழக்கம் தானுந்துச் சந்தையிலும் செயற்படுகின்றது.

மார்கழியில் விலை பேசித் தை பிறந்ததும் வண்டியைப் பெறுவது மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் காணப்படும் நடைமுறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி புதிய ஆண்டில் பதிவாகும். ஆனால் உற்பத்தி மாதமும் ஆண்டும் பதிவுச் சான்றில் தனியே குறிக்கப்படும். பின்னாளில் விற்கும்போது உற்பத்தி ஆண்டே மதிப்பைத் தீர்மானிக்கும். தள்ளுபடி இவ்விழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு இருந்தாலன்றி இப்பேரம் இலாபமன்று. வண்டியைப் பத்தாண்டுகளுக்கு மேல் வைத்திருக்க எண்ணுபவருக்கு இது பெரிய பொருட்டல்ல. ஆயுத பூசை, அட்சய திருதியை ஆகிய நாட்களுக்கு முன் பேரம் பெரும்பாலும் எடுபடாது. புதிதாக வெளிவந்து காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிகளுக்கும் அவ்வாறே.

வரி மாற்றங்களும் காலத்தைத் தீர்மானிப்பதுண்டு. 2025 செப்டெம்பர் 22 முதல் சிறிய தானுந்துகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டு, இழப்பீட்டு மேல்வரியும் நீக்கப்பட்டது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட வாரங்களில் வாங்குவோர் பலர் காத்திருந்தனர்.

முன்பதிவும் வண்டியைப் பெறுதலும்

முன்பதிவுப் படிவங்களில், வண்டி வழங்கப்படும் நாளில் உள்ள விலையே பொருந்தும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். எனவே வாய்மொழியாகப் பேசிய தள்ளுபடி, இலவசப் பொருட்கள், உற்பத்தி மாதம் ஆகியவற்றை முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிப் பெறுதல் வேண்டும். 2 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்துள்ளது. "ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

வண்டி பெறும் நாள் வாங்குபவரின் பேர வலிமை முடிவுக்கு வரும் நாளாகும். இராகு காலத்துக்கு முன் வண்டியை எடுத்து, குடும்பத்துடன் கோயிலுக்குச் சென்று, சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்துப் பூசை செய்யும் அவசரத்தில், அதுவரை பேசப்படாத தொகை ஒன்று பட்டியலில் சேர்ந்திருப்பது கவனிக்கப்படாமல் போகும். இதனைத் தவிர்க்க, ஓரிரு நாட்களுக்கு முன்னரே கிடங்கில் வண்டியைப் பார்வையிட்டு, அடிச்சட்ட எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் குறித்துக்கொண்டு, இறுதிப் பட்டியலைச் சரிபார்த்த பின் மீதித் தொகையைச் செலுத்தலாம். 2015 திசம்பர் வெள்ளத்தில் நகரின் தென்பகுதியில் பெருந்தொகையான வண்டிகள் நீரில் மூழ்கிய பின்னர், தரைவிரிப்பின் அடியிலும் இருக்கைத் தண்டவாளங்களிலும் சேறும் துருவும் உள்ளனவா எனப் பார்ப்பது சென்னையில் தேவையான சோதனையாகிவிட்டது.

ஒப்புக்கொண்டதற்கு மாறாகத் தொகை பெறப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாக முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது எழுத்து மூலமான விலைப்பட்டியலும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டுமே.