நாற்பத்தாறு வயதில் நான் கற்ற ஜுஜிட்சு!

"இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவைதானா?"

முரட்டு வெள்ளை உடுப்பும் இடுப்பில் வெள்ளைப் பட்டையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து என் கணவர் கேட்ட கேள்வி இது. பத்து நாள் கழித்து முழங்கை வீங்கி வந்து நின்றபோது, அவர் கேட்டது நியாயந்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

நாங்கள் இருப்பது அபுதாபியில். பிரேஸில் நாட்டு ஜுஜிட்சுவுக்கு இங்கே ஏக மவுசு. 2008ல் அரசுப் பள்ளிகளில் பாடமாகவே கொண்டுவந்தார்கள். பெண்களுக்குத் தனி வகுப்பு, பெண் ஆசிரியைகள் எல்லாம் உண்டு. மகளைக் கொண்டுவிடப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, ஒருநாள் நானும் சேர்ந்துவிட்டேன். "அம்மா, என் வகுப்புக்கு மட்டும் வந்துடாதே!" என்று மகள் கெஞ்சியது தனிக் கதை.

எங்கிருந்து வந்தது?

மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914ல் பிரேஸிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேஸி. கார்லோஸும் அவர் தம்பி ஹெலியோவும் அதைத் தரையில் கிடந்து போராடும் கலையாக வளர்த்தார்கள். அடி, உதை, குத்து கிடையாது. பிடி, பூட்டு, விடுபடுதல், அவ்வளவுதான். 1993ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய போட்டியில் ஹெலியோவின் மகன் ராய்ஸ், தன்னைவிடக் கனமான ஆளையும் ஒரே இரவில் மடக்கிக் காட்ட, உலகமே திரும்பிப் பார்த்தது. கடப்பாரையை நெம்பினால் பாறாங்கல் நகருகிறதல்லவா? அதே தத்துவந்தான் இதிலும்.

முதலில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

முதல் பாடம், விழுவது! பின்னால் சாயும்போது மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பின்மண்டை அடிபடாது. கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். இரு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கையால் தரையில் தட்ட வேண்டும்.

இரண்டாவது, இடுப்பை நகர்த்துவது. இதற்கு 'இறால்' என்று பெயர். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, ஒருக்களித்துத் திரும்பிக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். உடம்பு இறால் மாதிரி வளையும். மேலே இருப்பவரைக் கையால் தள்ளினால் நமக்குத்தான் களைப்பு. நாம் நகர்ந்தால் இடம் தானாகக் கிடைக்கும். அந்த இடத்தில் முழங்காலை நுழைத்துவிட்டால் பாதி விடுதலை.

மூன்றாவது, பாலம். எதிராளி நம் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவருடைய ஒரு கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அதே பக்கத்துக் காலையும் நம் பாதத்தால் தடுத்து, இடுப்பை உயரத் தூக்கி அந்தத் தோள் பக்கமாகப் புரள வேண்டும். ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை, கவிழ்ந்துவிடுவார். என்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான பெண்ணை முதன்முதலாகக் கவிழ்த்த அன்று, வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்!

நான் கோட்டைவிட்ட பாடம்

முதல் நாளே சொல்லித் தந்தும் நான் படிக்காத பாடம் ஒன்று உண்டு. பிடியில் மாட்டிக்கொண்டால், எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். உடனே விட்டுவிடுவார்கள். தோற்றதாக யாரும் கேலி செய்ய மாட்டார்கள், மறுபடி ஆரம்பிக்கலாம்.

அன்று ஒரு சின்னப் பெண் என் கையை நீட்டிப் பூட்டினாள். நான் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். முழங்கையில் 'சுரீர்' என்றது.

"ஏன் தட்டவில்லை?" என்று கேட்டார் ஆசிரியை.

"பொறுத்துக்கலாம்னு பார்த்தேன்."

"வலிக்கிற வரை காத்திருக்காதே. மாட்டிக்கொண்டாய் என்று தெரிந்ததுமே தட்டு."

மூன்று வாரம் சப்பாத்தி திரட்ட முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது பழசெல்லாம் ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் வயிற்று வலியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். பிள்ளைக்குப் பரீட்சை, அவருக்கு வேலை மும்முரம், நாத்தனார் வீட்டில் கல்யாணம். கடைசியில் ஒரு நள்ளிரவில் பித்தப்பைக் கல்லுக்காக அவசர ஆபரேஷன். பொறுமை பூஷணம் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? ஆனால் வலியை மறைப்பது பொறுமையில் சேர்த்தியில்லை என்று எனக்குப் புரிய, ஒரு முழங்கை வீங்க வேண்டியிருந்தது.

சேர விரும்பும் சகோதரிகளுக்கு

* ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி, எலும்புத் தேய்மானம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சேராதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.

* நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வளையல், மெட்டி, மூக்குத்தி, சங்கிலி எதுவும் கூடாது. தாலியைக் கழற்ற நான் தயங்கியபோது, "சுவாமி அலமாரியில வச்சுட்டுப் போ, வந்து போட்டுக்கோ" என்று போனில் சொன்னவர் என் மாமியார்தான்!

* ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் உடுப்பைத் துவையுங்கள், உடனே குளியுங்கள். இல்லாவிட்டால் படர்தாமரை வரும். வெறுங்காலோடு கழிவறைக்குப் போய் அப்படியே விரிப்பில் ஏறாதீர்கள்.

* கழுத்துப் பிடிகளை ஆசிரியை இல்லாமல் வீட்டில் விளையாட்டுக்குக்கூடச் செய்து பார்க்காதீர்கள்.

* நாலு பிடி தெரிந்துவிட்டது என்று தெருவில் யாரோடும் மோத வேண்டாம். ஆபத்தென்றால் கத்துவதும் ஓடுவதுமே முதல் பாதுகாப்பு.

வெள்ளைக்கு அடுத்தது நீலப் பட்டை. அதற்கே ஒன்றிரண்டு வருஷம் ஆகுமாம். ஆகட்டுமே!

போன மாதம் ஒரு காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்தவுடனே, "இன்னிக்கு என்னால முடியலை" என்று சொல்லிவிட்டேன். "என்ன, தட்டிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே என் கணவர் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அதனாலென்ன, அவரும் வெள்ளைப் பட்டைதானே!